அக்காவின் படத்துக்கு என் கைகள்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். லண்டனில் நகராட்சிக் கவுன்சிலில், வீட்டுப் பிரிவில் வேலை. இந்த முகவரியில் குடியிருக்கிறேன் என்று சொல்பவர் உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். குளியலறையில் எத்தனை பல் பிரஷ் நிற்கிறது, அலுமாரியில் குளிர்காலக் கோட்டு இருக்கிறதா, கேள்வி கேட்டதும் அந்த மனிதரின் கண் எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் பார்த்துப் பார்த்து என் கண் அப்படியே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாலும் அந்தக் கண்ணைக் கழற்ற முடிவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கேலி செய்வார்.

ஆகவே, அமெரிக்காவில் கணிதப் பேராசிரியராக இருக்கும் என் அக்கா, எத்தனையோ தடவை லண்டனுக்கு வந்தும் ஹோட்டலில் தங்கிவிட்டே போனவர், இந்த முறை ஃபோன் எடுத்து, "உன்ரை வீட்டிலை வந்து நிக்கட்டோ?" என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. என்ன தேவைக்கு என்ற கேள்விதான் வந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. நான் கல்யாணம் செய்தவர் எங்கள் ஊர்தான், ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. எங்கள் சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊர்ச் சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் என் அப்பாவுக்குப் பித்தளைப் பேணியில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அதே கடையில் என் கணவரின் அப்பாவுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் அந்தச் சிரட்டையை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும்.

லண்டனில் சந்தித்து, விரும்பி, பதிவு அலுவலகத்தில் கல்யாண எழுத்து எழுதினோம். தாலி கட்டவில்லை. தாலி கட்டுவதற்கு ஒரு சபை வேண்டும், என் பக்கத்தில் சபைக்கு வர ஒருவரும் இருக்கவில்லை. அவர் என் விரலில் போட்ட மெல்லிய மோதிரம் ஒன்றுதான் அந்த நாளுக்குச் சாட்சி. அக்கா அப்போதே அமெரிக்காவில் இருந்தார். ஃபோன் எடுத்து ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். "நீ உன்ரை எண்ணப்படி செய், ஆனால் அந்த வீட்டிலை நாங்கள் வந்து கை நனைப்பம் எண்டு மட்டும் நினைக்காதை."

கை நனைப்பது என்றால் உட்கார்ந்து சாப்பிடுவது. ஒருவர் வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்று சொல்வதைவிடப் பெரிய அடி எங்கள் ஊரில் கிடையாது. பிறகு காலம் ஓடியது. அப்பா போனார், அம்மா போனார். அக்கா கல்யாணம் செய்யவே இல்லை. பிறந்தநாளுக்கு ஃபோன், தைப்பொங்கலுக்கு ஃபோன் என்று நாங்கள் இருவரும் ஒருவாறு பேசத் தொடங்கினோம். என் கணவரைச் சுகம் விசாரிக்கவும் பழகிக்கொண்டார். ஆனால் அந்த வசனம் மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. எனக்கென்று மிஞ்சியிருக்கும் இரத்த உறவு அவர் ஒருவர்தான் என்பதால் அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அக்கா எங்கள் இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு நின்றார். அவர் பஸ் ஓட்டுபவர். எங்கள் வீட்டில் தேத்தண்ணி அவருடைய இலாகா. வருபவர் யாராக இருந்தாலும் சாயத்தை இறக்கி, பால் காய்ச்சி, நுரை எழும்ப ஆற்றி, கப் விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டுவார். குறைவாக ஊற்றிக் கொடுப்பது மரியாதை இல்லை என்பது அவருடைய கட்சி.

"அக்கா, தேத்தண்ணி" என்று நீட்டினார்.

அக்கா கைகளைச் சால்வைக்குள் இருந்து எடுக்கவே இல்லை. "வேண்டாம். பிளேனிலை குடிச்சிட்டன்" என்றார்.

அவர் ஒரு கணம் கப்புடன் நின்றுவிட்டு, அதைத் தானே குடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டார். பெட்டியில் இருந்து இறுக்கமான மூடி போட்ட கப் ஒன்றும் அதற்குள் செருகி உறிஞ்சும் குழாய் ஒன்றும் எடுத்து வைத்திருந்தார். "இதுக்குள்ளை அரைவாசிக்குச் சுடுதண்ணி விட்டுத் தா. தேயிலை என்னட்டை இருக்கு."

அரைவாசிக்கு விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளேனில் குடித்தவருக்கு இப்போது எப்படித் தாகம் வந்தது? எங்கள் வீட்டுக் கப்பில் வாய் வைக்காமல் கொண்டு வந்த பாத்திரத்தில் குடிப்பதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. குடித்து முடித்து அந்தக் கப்பைத் தானே கழுவி, எங்கள் குசினியில் பாத்திரம் கவிழ்க்கும் தட்டில் வைக்காமல், தன் அறை யன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சிரட்டைதான் ஞாபகம் வந்தது. யார் கழுவுகிறார் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று மாலைதான் வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய பல்கலைக்கழகம் அவரை எண்ணெய்ச் சாயத்தில் படமாக வரைவித்துத் தன் மண்டபத்தில் மாட்டப் போகிறது. வரைபவர் ஒரு அமெரிக்கர், ஆனால் லண்டனுக்குக் குடிவந்து இங்கேயே முதுமை அடைந்தவர். லண்டனின் தெற்கே மிச்சம் என்ற இடத்தில் ஒரு தளம் எடுத்து வேலை செய்கிறார். அவர் முன்னால் உட்காருவதற்காகவே அக்கா வந்திருக்கிறார். பகலில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஏதோ உரைகளும் இருந்தன.

அந்த மண்டபத்தின் படத்தை ஃபோனில் காட்டினார். நீண்ட சுவர் முழுக்க ஆண்கள். எல்லோரும் கறுப்பு அங்கி, அங்கியின் கையில் மூன்று வெல்வெட் பட்டி, தோளில் நிறத் துணி. பின்னால் புத்தக அலுமாரி அல்லது இருட்டு. கணிதக்காரர்கள் என்றால் கையில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி, மற்றவர்கள் என்றால் புத்தகத்தில் விரல். ஒரே கதிரையில் மாறி மாறி இருந்து எழும்பியவர்கள் போலத் தெரிந்தார்கள். எல்லோருடைய கண்ணும் என்னைப் பார்த்து, நீ ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டது. விசாரணைக்குப் போகிற இடங்களில் கதவைத் திறப்பவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்.

"இதுக்குள்ளை சீலையோடை ஆரும் இல்லை. நான்தான் முதலாவது" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னப் பிள்ளையின் பெருமை இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே யன்னல் ஓரத்துக் கப்பும் இருந்தது.

அடுத்த நாட்களில் நான் வேலைக்குப் போகாமலேயே வேலை செய்தேன். அக்கா எங்களுடன் சோறு சாப்பிடவில்லை. டொக்டர் எண்ணெய் வேண்டாம் என்றாராம், உறைப்பு வேண்டாம் என்றாராம். பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் வாங்கி அறைக்குள் வைத்துச் சாப்பிட்டார். என் கணவர் வைக்கும் மீன் குழம்புக்கு இல்ஃபோர்டில் பெயர் இருக்கிறது. அதன் வாசம் வீடெல்லாம் நிறைந்திருக்கும்போது அவர் கதவைச் சாத்திக்கொண்டு பாண் தின்றார். சேலை உடுத்தி ஊசி குத்திவிட மட்டும் என்னைக் கூப்பிட்டார். "நேரமில்லை, கெதியா உடுத்திவிடு" என்று சொல்லிக்கொண்டு பொம்மை மாதிரி நின்றார். ஓ, உடுத்திவிட என் கை வேண்டும், ஊட்ட வேண்டாமா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே கொசுவத்தை மடித்தேன்.

வெள்ளிக்கிழமை மனோர் பார்க்கில் கோயிலுக்குப் போனோம். என் கணவர் அர்ச்சனைத் தட்டை வாங்கி வந்து, மூத்தவர் என்று அக்காவிடம் நீட்டினார். அக்கா கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. "நீங்களே வைச்சிருங்கோ" என்றார். முருகனுக்கு முன்னாலும் இதுவா என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. ஐயர் விபூதி கொடுத்தபோது அக்கா கையை நீட்டாமல் தலையைக் குனிந்தார், ஐயரே நெற்றியில் பூசிவிட்டார். பெரிய இடத்துப் பழக்கம் போல என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு என் கணவர் ஒன்று செய்தார். சொல்லாமல் செய்தார். அக்கா வரவேற்பறையில் இருக்கும் நேரங்களில் தேத்தண்ணி போடுவதை நிறுத்திவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் நேரே மேலே போய்ப் படுத்துவிடுவார். நான் பின்னால் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, நான் அவவோடை கதைக்கட்டோ?"

"என்னத்தை கதைக்கப் போறீர்? உம்மடை அக்கா. உமக்கு வேறை ஆர் இருக்கினம்? விடும். நான் என்ன, இதைக் காணாதவனோ?"

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். காணாதவனோ என்று அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றது. அன்று முடிவு எடுத்தேன். படம் முடியட்டும். முடிந்ததும் அக்காவிடம் நேருக்கு நேர் கேட்பேன். பதில் நான் நினைத்ததாக இருந்தால், இந்த வீட்டு வாசலில் அவர் கால் வைப்பது அதுவே கடைசி. அப்படிச் சொன்னால் எனக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை என்பது தெரியும். சொல்லாவிட்டால் அந்த மனிதரின் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

இந்த நிலைமையில்தான் ஒரு மாலை, நான் குசினியில் கீரை நறுக்கிக்கொண்டிருக்க, அக்கா வந்து என் பக்கத்தில் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ரை கையை ஒருக்கா நீட்டு."

நீட்டினேன். திருப்பச் சொல்லிப் பார்த்தார், ஆனால் தொடவில்லை.

"அம்மாவின்ரை கை. எனக்கும் இதுதான். இந்தக் கை எனக்கு வேணும்" என்றார். "முகம் முடிஞ்சுது. கைதான் மிச்சம். எனக்கு இனி நேரமில்லை, உரையள் கிடக்குது. அங்கியைப் போட்டுக்கொண்டு நீ இருந்தால் காணும், அவர் உன்ரை கையைப் பாத்து வரைவார். இதெல்லாம் வழக்கம்தான்."

வழக்கமா? ஒருவர் படத்துக்கு இன்னொருவர் கை வைப்பது எந்த ஊர் வழக்கம்? நேரமில்லை என்கிறவர் நேற்று முழுவதும் அறைக்குள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்ததை நான் கண்டேன். நேரமில்லை என்று சொல்லும்போது கண் கீரைப் பக்கம் போனதையும் கண்டேன். இதில் ஏதோ இருக்கிறது. நெருப்பு எது என்று தெரியாது, ஆனால் புகை மூக்கில் ஏறிவிட்டது. அதனால்தான் சம்மதித்தேன். அக்காவுக்கு உதவ என்று சொன்னால் பொய். விசாரணைக்குத்தான் போனேன்.

மிச்சத்தில் டிராம் விட்டு இறங்கி, தரை ஓடுகள் விற்கும் கடை ஒன்றுக்கு மேலே ஏற வேண்டும். ஓவியர் உயரமான கிழவர். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் பார்த்தார். பொருத்தம் என்றார். எனக்கு அந்த ஆளையும் பிடிக்கவில்லை.

படம் சட்டத்தில் நின்றது. அக்காவின் முகத்தை அந்த மனிதர் பிடித்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாடையில் இருக்கும் பிடிவாதம் அப்படியே இருந்தது. நான் உடுத்திவிட்ட சேலையின் அரக்குக் கரை, அதற்கு மேல் கறுப்பு அங்கி, வெல்வெட் பட்டிகள், பின்னால் மங்கலாக ஒரு கரும்பலகை. ஆனால் இரண்டு அங்கிக் கைகளும் முடியும் இடத்தில் ஒன்றுமே இல்லை. மண்ணிறமாக வெறும் பூச்சு. கை வெட்டப்பட்டவர் போல இருந்தது அந்தப் படம்.

அங்கியைப் போட்டு என்னை உட்கார வைத்தார். வலது கையில் வெண்கட்டி, எழுதப் போவது போல உயர்த்திப் பிடிக்க வேண்டும். இடது கை புத்தகத்தின் மேல். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார், அக்காவுக்கு மோதிரம் இல்லையே. சவர்க்காரம் போட்டு இழுத்தும் அது வரவில்லை. எழுத்து எழுதிய அன்று போட்டது, விரல் அதைச் சுற்றித் தடித்துவிட்டது. பரவாயில்லை, படத்தில் அதை விட்டுவிடுகிறேன் என்றார் ஓவியர். அதுவும் எனக்குக் குத்தியது. என் கை வேண்டும், அதில் இருக்கும் என் புருசனின் அடையாளம் மட்டும் வேண்டாமா?

வெண்கட்டியை உயர்த்திப் பிடித்தால் தோள் கடுக்கும். நடுவில் கீழே கடைக்காரர் ஏதோ பெட்டி வந்திருக்கிறது என்று கூப்பிட, ஓவியர் இறங்கிப் போனார். நான் எழுந்து என் வேலையைத் தொடங்கினேன். யாருடைய வீட்டுக்குப் போனாலும் தனியே விட்டால் சுற்றிப் பார்த்துவிடுவேன், அது கை வந்த கலை. மூலையில் ஒரு பலகையில் கரிக்கோட்டுத் தாள்கள் செருகி இருந்தன. எல்லாம் கைகள்.

முதலில் எனக்கு வந்தது எரிச்சல். மனுசனுக்குக் கை வரையத் தெரியவில்லை. ஒரு விரலுக்கு நாலு ஐந்து கோடு, ஒன்றின் மேல் ஒன்று, எது விரல் எது நிழல் என்று தெரியாமல். வெண்கட்டி பிடித்த கை ஒன்று, அந்த வெண்கட்டிக்கும் நாலு நுனி. தாளைப் புரட்டப் புரட்ட எல்லாம் அப்படியே. இன்னொரு தாளில் இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஒரு பிள்ளையை ஓடவிடாமல் பிடிப்பது போல. அந்த வலது கையின் சுண்டுவிரல் நுனி வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. சின்ன வயதில் வீட்டு வாசல் படலைக்குள் நசுங்கிய அக்காவின் விரல் அது. படலையை அடித்துச் சாத்தியவள் நான்தான்.

ஓவியர் வந்து நின்றது தெரியவில்லை. "உங்களுக்குக் கை வரைய வராதா?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. முதல் நாள் தன் கண் முன்னால் இருந்ததைத்தான் வரைந்ததாகச் சொன்னார். அக்காவின் கை அசைந்துகொண்டே இருந்ததாம், அதனால் கோடும் அசைந்ததாம். தனக்கு இந்தத் தாள்கள்தான் மிகவும் பிடித்தவை, இப்படியே தீட்டட்டுமா என்று கேட்டதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லையாம். கையை மடியில் வைத்தால் நடுக்கம் அவ்வளவு தெரியாது என்று சொன்னதற்கும் மறுத்துவிட்டாராம். அந்தச் சுவரில் உள்ள கணிதக்காரர் எல்லோர் கையிலும் வெண்கட்டி இருக்கிறதாம். தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டாராம்.

"உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்றார் கடைசியில்.

"தெரியும்" என்றேன். விசாரணைக்குப் போன இடத்தில் பொய் சொன்னது நான்.

பிறகு மறுபடி உட்கார்ந்து வெண்கட்டியைப் பிடித்தேன். தோள் கடுத்தது, ஆனால் இறக்கவில்லை.

திரும்பி வரும்போது டிராமில், ஓவர்கிரவுண்ட் ரயிலில், பிறகு இல்ஃபோர்ட் ரயிலில் எல்லாம் ஒரே யோசனை. மூடிக் கப், குழாய், அரைவாசித் தண்ணீர், பாணும் வாழைப்பழமும், ஊசி குத்த முடியாத சேலை, பிரிக்காத கும்பிடு. எல்லாச் சாட்சியும் என் கண் முன்னால்தான் இருந்தன. நான் எடுத்த தீர்ப்பு மட்டும் வேறு. கண்ணீர் வந்தது, உடனே கோபமும் வந்தது. இரண்டில் கோபம்தான் பெரிதாக இருந்தது. சொல்லியிருந்தால் என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கணவர் தன் வீட்டிலேயே மேல்மாடிக்கு ஒளிந்து போயிருக்க வேண்டாமே.

வந்தபோது அக்கா குசினியில் நின்று கப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எப்ப இருந்து?"

"எது?"

"கை."

தண்ணீர்க் குழாயை மூடினார். கையைத் துடைக்கத் துணியை எடுத்தபோது இரண்டு கையும் துணிக்குள் ஆடுவதை முதல் முறையாக மறைக்காமல் விட்டார். "கொஞ்சக் காலம். பெரிய நோய் வருத்தம் இல்லையாம். சும்மா நடுக்கம்தானாம். டொக்டருக்குச் சும்மா."

"படிப்பிக்கிற இடத்திலை?"

"கரும்பலகையிலை எழுத ஏலாது. திரையிலை போட்டுக் காட்டுறன். பிள்ளையள் பாவம் எண்டு பாக்கினம். அதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு. நீயும் அப்பிடிப் பாக்கவேண்டாம் எண்டுதான் சொல்லேல்லை."

"பாவம் பாத்திருந்தால் புண்ணியமாப் போயிருக்கும்! நாங்கள் என்ன நினைச்சனாங்கள் தெரியுமோ? அவற்றை கையாலை தந்தது எண்டுதான் நீங்கள் வாங்கேல்லை எண்டு நினைச்சனாங்கள். அந்த மனுசன் தேத்தண்ணி போடுறதையே விட்டிட்டார், அக்கா. தெரியுமோ?"

அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தெரியாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்" என்றார். "முதல் நாளே அவற்றை முகத்தைக் கண்டனான். அவர் விளிம்பு முட்ட ஊத்திக்கொண்டு வந்து நிக்கிறார். நான் வாங்கினால் ஊத்துப்படும். அவர் தந்ததை நான் நிலத்திலை ஊத்தினால், வேணுமெண்டு ஊத்தினது எண்டுதானே நினைப்பார்? அதைவிட வாங்காமல் விடுறது மரியாதை எண்டு நினைச்சன்."

"நல்ல மரியாதை!" என்றேன். பிறகு, கேட்கக் கூடாது என்று இத்தனை வருடம் வைத்திருந்ததைக் கேட்டேன். "அப்ப, அண்டைக்கு ஃபோனிலை சொன்னது?"

அவர் கண் எந்தப் பக்கமும் ஓடவில்லை, என்னையே பார்த்தது.

"அது நான் சொன்னதுதான். அதுக்குக் கை நடுக்கம் காரணம் இல்லை."

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. எழுந்து, வரவேற்பறைக்குப் போனார். என் கணவர் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து, வழக்கம் போல மாடிப்படியில் கால் வைத்திருந்தார்.

"தம்பி" என்றார் அக்கா. அதுவரை அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "தேத்தண்ணி ஒண்டு போட்டுத் தாறியளோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நடுக்கத்தைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை என்று பட்டது. அவர் குசினிக்குப் போய்ப் பால் வைத்தார். ஆற்றும் சத்தம் கேட்டது. எப்போதும் போல விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினார். முகத்தில் சந்தேகம் எழுதி ஒட்டியிருந்தது. என்னோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் தொற்றியிருக்க வேண்டும்.

அக்கா சால்வையைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். வாங்கிய உடனேயே தேத்தண்ணி விளிம்பு தாண்டியது. சேலையில் ஊற்றுப்பட்டது, கம்பளத்தில் ஊற்றுப்பட்டது. சூடு பட்டிருக்கும், ஆனாலும் அவர் கப்பை விடவில்லை, உதட்டை நோக்கிக் கொண்டுபோக முயன்றார். கப் பல்லில் தட்டிச் சத்தம் போட்டது. என் கணவர் ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு அக்காவுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, கப்பைப் பறிக்காமல், அதன் அடியில் தன் உள்ளங்கையை மட்டும் கொடுத்தார். கப் நின்றது. அக்கா குடித்தார். அவசரப்படாமல், கடைசி மண்டி வரை குடித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான்தான் இருவரையும் பார்த்துக்கொண்டு, ஊற்றுப்பட்டதைத் துடைக்கத் துணி எடுக்கவும் மறந்து நின்றேன்.

"சீனி காணுமோ, அக்கா?"

"கொஞ்சம் கூடப்போச்சு."

"நாளைக்குக் குறைக்கிறன்" என்றார் அவர்.

மிச்சமிருந்த நாட்களில் அக்கா எங்களோடு இருந்து கரண்டியால் சோறு சாப்பிட்டார், சிந்தச் சிந்தச் சாப்பிட்டார். மீன் முள்ளை நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், என் கண் அப்படி எளிதில் மூடாது. கை நன்றாக இருந்திருந்தால் முதல் நாளே அந்தக் கப்பை வாங்கியிருப்பாரா? அல்லது நடுக்கம் வந்ததால்தான் யார் கை என்று பார்ப்பது விட்டுப்போனதா? விமான நிலையத்தில் அவரைக் கட்டிப்பிடித்து அழும்போதும் இந்தக் கேள்வி எனக்குள் கிடந்தது. கேட்கவில்லை. என் கணவரிடம் சொன்னதற்கு, "உமக்கு கடவுளே நேரிலை வந்தாலும் பாஸ்போட் கேப்பீர்" என்றார்.

படத்தைத் திறந்துவைத்த நாளில் எங்களால் அமெரிக்கா போக முடியவில்லை. அக்கா ஃபோனுக்குப் படம் அனுப்பினார். அந்த நீண்ட சுவரில், அங்கி போட்ட ஆண்களின் வரிசைக் கடைசியில், அரக்குக் கரைச் சேலையோடு அக்கா. தாடையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார். வலது கையில் வெண்கட்டி அசையாமல் நிற்கிறது. என் கை. சுண்டுவிரல் நேராக இருக்கிறது. இடது கை புத்தகத்தின் மேல். நான் விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். மோதிரம் இருந்தது.

மறந்துபோய் வரைந்துவிட்டாரோ என்று உடனே அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். என் கணவர் பக்கத்தில் இருந்தார்.

"அவர் வரையாமல்தான் விட்டவர்" என்றார் அக்கா. "வெளிக்கிட முதல் நான் பக்கத்திலை இருந்து வரைவிச்சனான்."

"ஆக்கள் கேக்கமாட்டினமோ? கலியாணம் கட்டாத ஆளுக்கு மோதிரம் எங்காலை எண்டு?"

"கேட்டவைதான். அது என்ரை தங்கச்சியின்ரை கை, மோதிரம் அவவின்ரை புருசன் போட்டது எண்டனான்."

நான் படத்தை மறுபடி திறந்தேன். என் கணவர் ஃபோனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த விரலை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பிடி வரும் எண்டு தெரிஞ்சிருந்தால் கொஞ்சம் தடிப்பான மோதிரமா வாங்கியிருப்பன்" என்றார்.